வெட்டும் நச்சு, தைக்கும் நச்சு
வாசகர் கேள்வி – பதில்

பாக்டீரியாக்கள் நம் செல்களின் டிஎன்ஏ-வைச் சேதப்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: பாக்டீரியா குடல் சுவருக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிஎன்ஏ-வோ செல்லுக்குள், அதிலும் உட்கருவுக்குள் பத்திரமாக இருக்கிறது. அங்கே போய் நச்சு எப்படிக் கைவைக்கும்?

பதில்: செல்லே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறது என்பதுதான் விந்தை. சிடிடி (சைட்டோலீத்தல் டிஸ்டெண்டிங் டாக்சின்) என்ற நச்சை எடுத்துக்கொள்வோம். கேம்பைலோபாக்டர் ஜெஜூனி, சில ஈ. கோலை வகைகள், ஈறு நோயோடு தொடர்புள்ள அக்ரிகேட்டிபாக்டர், மேகப் புண் வகைகளில் ஒன்றை உண்டாக்கும் ஹீமோஃபிலஸ் டுக்ரேயி ஆகியவை இதைச் சுரக்கின்றன. இதில் மூன்று புரதங்கள் சேர்ந்திருக்கும்: ஏ, பி, சி. ஏ-யும் சி-யும் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் மிகுந்த இடங்களைப் பற்றிக்கொள்ளும். செல் வழக்கம்போல் அந்தச் சவ்வை உள்மடித்து ஒரு பையாக விழுங்கும். அந்தப் பை செல்லின் உள்ளுறுப்புகளான கொல்ஜிக்கும், அங்கிருந்து எண்டோபிளாச வலைக்கும் போகும். செல் தான் தயாரித்த சரக்கை வெளியே அனுப்பும் பாதை இது. நச்சு அதிலேயே எதிர்த்திசையில் வருகிறது. கடைசியில் பி மட்டும் உட்கருவை அடைகிறது.

இந்த பி-யின் வடிவம் நம் உடலிலேயே உள்ள டிஎன்ஏஸ்-1 என்ற டிஎன்ஏ வெட்டும் நொதியை ஒத்தது. 2000-ஆம் ஆண்டில் மரியா லாரா-டெஹேரோவும் ஹோர்ஹே கலானும் பி புரதத்தை மட்டும் செல்லுக்குள் உண்டாக்கிப் பார்த்தார்கள். அது ஒன்றே முழு நச்சின் விளைவையும் காட்டியது. வெட்டும் வேலைக்கு அவசியமான அமினோ அமிலங்களை மாற்றியதும் விளைவு போய்விட்டது. இந்தக் கத்தி டிஎன்ஏஸ்-1 போலக் கூர்மையானது அல்ல. சோதனைக் குழாயில் அதைவிட மிக மெதுவாகத்தான் வெட்டும். குறைந்த அளவில் நுழைந்தால் இரு இழைகளில் ஒன்றில் மட்டும் கீறல் விழும். ஒற்றைக் கீறலைச் செல் எளிதாகச் சரிசெய்துவிடும். ஆனால் சரிசெய்யும் முன் டிஎன்ஏ நகலெடுப்பு அந்த இடத்தைக் கடந்தால் ஒற்றைக் கீறல் இரட்டை முறிவாகிவிடும். அதனால்தான் வேகமாகப் பிரியும் செல்களில் இந்த நச்சு அதிகம் உறைக்கிறது.

கேள்வி: டிஎன்ஏ அறுந்தால் செல் செத்துப்போக வேண்டும். பாடநூல் படத்தில் சிடிடி பட்ட செல் பெரிதாக வீங்கியிருக்கிறதே?

பதில்: வீக்கம் என்பதைவிட, வளர்ந்தும் பிரியாமல் நின்றுவிட்ட செல் என்று சொல்வது பொருந்தும். இரட்டை முறிவு ஏற்பட்டதும் ஏடிஎம் என்ற நொதி விழித்துக்கொள்ளும். அது சிஎச்கே2 என்ற அடுத்த நொதியைத் தூண்டும். சிஎச்கே2 போய் சிடிசி25 என்ற இன்னொரு நொதியை முடக்கும். சிடிசி25 இல்லாமல், செல் பிரிவைத் தொடங்கிவைக்கும் சிடிகே1 நொதியின் மீதுள்ள பாஸ்பேட் பூட்டு திறக்காது. சிடிகே1 திறக்காவிட்டால் செல் பிரிவு தொடங்காது. ஆனால் புரதத் தயாரிப்பு நிற்கவில்லை. ஆகவே செல் பெருத்துக்கொண்டே போகும், மூன்று நான்கு நாளில் இயல்பைப்போலப் பல மடங்கு ஆகும். 1987-இல் இந்த நச்சைக் கனடாவில் கண்டறிந்த ஜான்சனும் லியோரும் முதலில் கவனித்தது இந்தப் பெருத்தலைத்தான். டிஎன்ஏ-வுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பது பத்தாண்டுக்கும் மேல் கழித்தே தெரிந்தது.

எல்லாச் செல்லும் இப்படி நிற்பதில்லை. லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் சீக்கிரமே தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும். உறுப்புகளின் மேற்பரப்பை மூடும் எபிதீலியச் செல்களும் நார்த்திசுச் செல்களும்தான் பெருத்துப்போகின்றன. கவலைக்குரியவை மூன்றாம் வகை: முறிவை அவசரமாக ஒட்டிக்கொண்டு பிழைத்துப் பிரிவைத் தொடர்பவை. முனையோடு முனை ஒட்டும் முறையில் டிஎன்ஏ-வின் சில எழுத்துகள் காணாமல் போகும், சில நேரம் தவறான முனைகள் சேர்ந்துவிடும். செத்த செல்லால் புற்றுநோய் வராது. தவறாகத் தைத்துக்கொண்டு உயிரோடு இருக்கும் செல்லால்தான் வரும்.

கேள்வி: கோலிபாக்டின் என்று அடிக்கடி படிக்கிறேன். இதுவும் டிஎன்ஏ-வை வெட்டுவதுதானா?

பதில்: வெட்டுவதில்லை, தைக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

கோலிபாக்டின் ஒரு புரதமல்ல, சிறிய வேதிப்பொருள். ஈ. கோலையின் பி2 என்ற பரம்பரைக் கிளையில் பெரும்பாலும் காணப்படும் பிகேஎஸ் என்ற மரபணுத் தொகுப்பு அதைத் தயாரிக்கிறது. தொகுப்பின் நீளம் ஏறத்தாழ 54,000 எழுத்துகள், அதில் 19 மரபணுக்கள். 2006-இல் பிரெஞ்சு, ஜெர்மன் ஆய்வாளர்கள் இதை அறிவித்தார்கள். மூலக்கூறின் வடிவம் உறுதியானது 2019-இல்தான். நடுவே 13 ஆண்டு ஓடியதற்குக் காரணம், அது குப்பியில் பிடித்துவைக்க முடியாத அளவுக்கு நிலையற்றது. பொருளைப் பிரித்தெடுக்க முடியாமல், அது டிஎன்ஏ-வில் விட்டுச்சென்ற ஒட்டுகளை ஆராய்ந்து, காலடித் தடத்தைப் பார்த்து ஆளைக் கணிப்பதுபோல் வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள்.

மூலக்கூறின் இரு முனைகளிலும் சைக்ளோபுரோப்பேன் என்ற முக்கோண வளையம் ஒவ்வொன்று உண்டு. மூன்று கார்பன் அணுக்களை நெருக்கிப் பூட்டிய வளையம் என்பதால் அது எப்போது திறக்கலாம் என்று காத்திருக்கும். டிஎன்ஏ-வின் குறுகலான பள்ளத்தில் அமர்ந்ததும் ஒரு வளையம் ஓர் இழையிலுள்ள அடினைன் என்ற டிஎன்ஏ எழுத்தோடும், மற்றது எதிர் இழையிலுள்ள அடினைனோடும் இணையும். பிரிய வேண்டிய இரு இழைகள் இப்போது சேர்த்துத் தைக்கப்பட்டுவிட்டன. அடினைனும் தைமினும் நிறைந்த பகுதிகளே அதற்குப் பிடித்த இடம். நகலெடுப்பு இயந்திரம் அந்தத் தையலில் வந்து முட்டி நிற்கும். ஃபான்கோனி வழி எனப்படும் பழுதுநீக்கும் புரதங்கள் கூடித் தையலை அறுத்தெடுக்கும். அந்த அறுவையில்தான் இரட்டை முறிவு பிறக்கிறது. முறிவை உண்டாக்குவது செல்லின் மருத்துவரே, நச்சு அல்ல.

இத்தனை வீரியமான பொருளைத் தயாரிக்கும் பாக்டீரியா தன் டிஎன்ஏ-வை எப்படிக் காக்கிறது என்று கேட்கத் தோன்றும். கையெறி குண்டுக்கு ஊசி செருகுவதுபோல், மூலக்கூறின் நுனியில் ஒரு கொழுப்பமிலத் துண்டைப் பொருத்தியே தயாரிக்கிறது. அந்த நிலையில் அது செயலற்றது. உள்சவ்வைத் தாண்டி வெளியேறிய பிறகு சிஎல்பி-பி என்ற நொதி அந்தத் துண்டை வெட்டி நீக்கும். அப்படியும் கொஞ்சம் திரும்பி உள்ளே வந்தால், சிஎல்பி-எஸ் என்ற இன்னொரு புரதம் முக்கோண வளையத்தை நீரால் திறந்து சாதுவாக்கிவிடும்.

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக, பிகேஎஸ் உள்ள ஈ. கோலையை வளர்த்து, வடிகட்டிய திரவத்தை ஹீலா என்ற ஆய்வக மனிதச் செல்களில் விட்டேன். டிஎன்ஏ முறிவைக் காட்டும் காமெட் சோதனையில் வால் (அறுந்த டிஎன்ஏ இழுபட்டு நீளும் பகுதி) வரவே இல்லை. பிறகு உயிருள்ள பாக்டீரியாவையே விட்டுப் பார்த்தேன், அப்போதும் வால் சரியாக வரவில்லை. செல் மட்டும் செத்தது. எங்கே தவறு?

பதில்: மூன்று நான்கு இடத்தில் தவற வாய்ப்பு உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வடிகட்டிய திரவத்தில் கோலிபாக்டின் இருக்காது. வெளியே வந்த சற்று நேரத்திலேயே அது சிதைந்துவிடும். ஆகவே உயிருள்ள பாக்டீரியா செல்லைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சிடிடி புரதம் என்பதால் அதை வடிகட்டி எடுத்து விட்டால் வேலை செய்யும். அந்தப் பழக்கத்தில் கோலிபாக்டினையும் வடிகட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

உயிருள்ள பாக்டீரியாவை விட்டபோது செல் செத்தது பெரும்பாலும் நச்சால் அல்ல, பட்டினியாலும் அமிலத்தாலும். ஒரு செல்லுக்கு 20 முதல் 100 பாக்டீரியா என்ற கணக்கில் தொடங்கி, 4 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மீடியத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் ஹெப்பிஸ் 25 மில்லிமோலார் சேருங்கள். சிவப்பு மீடியம் மஞ்சளாக மாறியிருந்தால் அந்தத் தட்டைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். 4 மணி முடிந்ததும் மூன்று நான்கு முறை கழுவி, பாக்டீரியாவைக் கொல்ல ஒரு மில்லிக்கு 200 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் கலந்த புது மீடியம் ஊற்றுங்கள். மறுநாள் அந்த மீடியத்தில் கொஞ்சம் எடுத்து அகாரில் தடவிப் பாருங்கள். காலனி முளைத்தால் பாக்டீரியா சாகவில்லை, பிந்தைய நாள்களின் முடிவு செல்லாது. செல் பெருத்திருக்கிறதா என்று பார்ப்பது 72 மணி நேரத்தில்.

பாக்டீரியாவின் மனநிலையும் முக்கியம். காற்றோட்டமாகக் குலுக்கி வளர்த்தாலும், இரும்புச்சத்து தாராளமாக இருந்தாலும் கோலிபாக்டின் தயாரிப்பு குறையும். செல்களின் மேல் அசையாமல் விடுவதே மேல். பிகேஎஸ் தொகுப்பைச் செயற்கை டிஎன்ஏ துண்டில் ஏற்றிய ஆய்வக வகையானால், அதற்குரிய ஆன்டிபயாடிக் இல்லாமல் பலமுறை மாற்றி வளர்க்கும்போது துண்டே காணாமல் போகலாம். சோதனைக்கு முன் பிகேஎஸ் தொகுப்பின் சிஎல்பி மரபணுக்களைப் பிசிஆரில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒப்பீட்டுக்கு ஏதோ ஒரு ஆய்வக ஈ. கோலையை வைத்தால் போதாது. இரண்டுக்கும் ஆயிரம் வேறுபாடு இருக்கும். அதே வகையில் சிஎல்பி-பி மட்டும் நீக்கிய திரிபுதான் நேர்மையான ஒப்பீடு.

இனி வாலுக்கு வருவோம். உங்கள் சோதனையே தைக்கும் நச்சுக்குப் பொருந்தாது. கார காமெட்டில் டிஎன்ஏ அறுந்து, இழைகள் பிரிந்து, மின்புலத்தில் இழுபட்டால்தான் வால் வரும். தைக்கப்பட்ட டிஎன்ஏ பிரியாது, நகராது. வால் வராததே அதன் அடையாளமாக இருக்கக்கூடும். இதைக் காட்ட முறையை மாற்ற வேண்டும். நச்சு பட்ட செல், படாத செல் இரண்டுக்கும், கரைப்பதற்குச் சற்று முன், 50 முதல் 100 மைக்ரோமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடை ஐஸில் 5 நிமிடம் கொடுங்கள். படாத செல்லில் நீள வால் வரும். நச்சு பட்ட செல்லில் வால் குறைந்தால், அந்தக் குறைவுதான் தையலின் அளவு. பெராக்சைடு இல்லாத ஜோடியும் அதே நாளில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் எது முறிவு, எது தையல் என்று பிரிக்க முடியாது.

காமெட் செய்முறையின் பொதுவான அளவுகள்: செல்களைக் குறைந்த சூட்டில் உருகும் 0.5 முதல் 1 சதவீத அகரோஸில் கலந்து சிலைடில் பரப்பி, 2.5 மோலார் உப்பு, 100 மில்லிமோலார் இடிடிஏ, 10 மில்லிமோலார் டிரிஸ், 1 சதவீத டிரைட்டான், காரநிலை 10 உள்ள கரைசலில் 4 டிகிரியில் குறைந்தது ஒரு மணி நேரம். பிறகு 300 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 1 மில்லிமோலார் இடிடிஏ கரைசலில் 20 முதல் 40 நிமிடம் ஊறவிட்டு, அதே கரைசலில் செ.மீ.க்கு 0.7 முதல் 1 வோல்ட்டில் 20 முதல் 30 நிமிடம். கவனிக்க வேண்டியது: தொட்டியில் கரைசல் ஒரு மி.மீ. கூடினாலும் மின்னோட்டம் மாறும், வால் நீளமும் மாறும். ஆகவே ஒப்பிட வேண்டிய சிலைடுகள் ஒரே ஓட்டத்தில் இருக்கட்டும். பெருத்த வெளிச்சத்தில் வேலைசெய்தால் விளக்கே கீறல் போடும். வால் பெரிதாகித் தலை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய செல்கள் மடிந்துகொண்டிருப்பவை, அவற்றைத் தனியாக எண்ணுங்கள். மாதிரிக்கு 100-150 செல்லாவது வேண்டும்.

செல்லே வேண்டாம் என்றால் இன்னும் சுலபமான வழி: நேராக்கிய பிளாஸ்மிட் (வட்ட வடிவச் சிறு டிஎன்ஏ) டிஎன்ஏ-வை உயிருள்ள பாக்டீரியாவோடு சிறிது நேரம் வைத்து, சுத்தம் செய்து, காரம் கலந்த ஜெல்லில் ஓட்டுங்கள். தைக்கப்படாதது ஒற்றை இழையாகப் பிரிந்து வேகமாகக் கீழே போகும். தைக்கப்பட்டது மேலே தங்கும். பாக்டீரியாவின் சொந்த நொதிகள் டிஎன்ஏ-வைக் கடித்துவிடாமல் இருக்க இடிடிஏ சேர்ப்பது அவசியம். இதை விட்டுவிட்டு, ஜெல்லில் தெளிவற்ற புகைக் கோட்டைப் பார்த்து நச்சு வெட்டியது என்று எழுதியவர்கள் உண்டு.

முறிந்த இடத்தில் தோன்றும் அடையாளப் புரதமான காமா-எச்2ஏஎக்ஸ் பார்ப்பதானால், டிஎன்ஏ-வை முறிக்கும் மருந்தான எடோபொசைடு 10 முதல் 25 மைக்ரோமோலாரில் ஒன்றிரண்டு மணி நேரம் கொடுத்த செல்லை நேர்மறை ஒப்பீடாக வையுங்கள். உட்கருவில் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்தால் முறிவு. உட்கரு முழுதும் ஒரே ஒளியாக இருந்தால் அது மடியும் செல்லாகவோ நகலெடுப்பில் திணறும் செல்லாகவோ இருக்கலாம். அதை முறிவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கேள்வி: மலப் பரிசோதனையில் பிகேஎஸ் உள்ள ஈ. கோலை இருப்பதாகத் தனியார் ஆய்வக அறிக்கை. பெருங்குடல் புற்றுநோய் வருமா? ஆன்டிபயாடிக் எடுத்து விரட்டலாமா?

பதில்: விரட்ட வேண்டாம். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் நலமானவர்களில் சுமார் 21 சதவீதத்தினரிடம் இந்தத் தொகுப்பு இருந்தது. பெருங்குடல் புற்றுநோயாளிகளில் சுமார் 67 சதவீதத்தினரிடம். அதாவது நலமான ஐந்து பேரில் ஒருவரிடம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வராது.

அதற்காகப் பொய்ப் பீதி என்றும் ஒதுக்கிவிட முடியாது. 2020-இல் நெதர்லாந்துக் குழு, மனிதக் குடல் செல்களிலிருந்து வளர்த்த சிறு உறுப்புகளை 5 மாதம் திரும்பத் திரும்ப இந்தப் பாக்டீரியாவுக்கு உட்படுத்தி, டிஎன்ஏ-வில் ஒரு தனித்த கையெழுத்து (எழுத்து மாற்றங்களின் வடிவம்) உருவாவதைக் காட்டியது. எஸ்பிஎஸ்88 என்று அதற்குப் பெயர். அதே கையெழுத்து நோயாளிகளின் கட்டிகளிலும் கிடைத்தது. 2025-இல் 11 நாடுகளின் 981 கட்டிகளை ஆராய்ந்தபோது, 40 வயதுக்குள் நோய் வந்தவர்களிடம் இந்தக் கையெழுத்து 70 கடந்தவர்களைவிட 3.3 மடங்கு அதிகம் இருந்தது. கட்டி தோன்றும் வழியில் மிக முந்தைய கட்டத்திலேயே அது பதிந்திருந்தது. ஆக, கேடு நடந்திருந்தால் எப்போதோ இளம் வயதில் நடந்திருக்கும். இன்று மலத்தில் பாக்டீரியா இருப்பதோ இல்லாததோ அதைச் சொல்லாது. அறிக்கையின் மதிப்பு அவ்வளவுதான்.

ஆன்டிபயாடிக் மற்ற பாக்டீரியாக்களையும் துடைத்துவிடும், பி2 ஈ. கோலை குடலில் நிலைத்து வாழ்வதில் கெட்டிக்காரன், திரும்பி வந்துவிடும். செய்யத்தக்கது கொலோனோஸ்கோபி அல்லது மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் சோதனை. பல வழிகாட்டுதல்கள் 45 அல்லது 50 வயதில் தொடங்கச் சொல்கின்றன. பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் வந்த வயதுக்கு 10 ஆண்டு முன்பாக, எது முந்தியதோ அப்போது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, ரத்தசோகை இருந்தால் வயதைப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: நிஸ்லே 1917 என்ற புரோபயாடிக்கிலும் (நலத்துக்காக எடுக்கும் பாக்டீரியா) இந்த பிகேஎஸ் மரபணுக்கள் உண்டாமே?

பதில்: உண்டு. முதல் உலகப் போரில், சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் சீதபேதி வந்தும் வராமல் தப்பிய ஒரு படைவீரரிடமிருந்து ஆல்ஃபிரட் நிஸ்லே 1917-இல் பிரித்தெடுத்த ஈ. கோலை அது. அதில் முழு பிகேஎஸ் தொகுப்பும் இருக்கிறது. வெட்டி எறிந்துவிடலாமே என்றால் ஒரு சிக்கல்: எதிரி பாக்டீரியாக்களை அது கொல்லப் பயன்படுத்தும் மைக்ரோசின்களுக்கும் சிஎல்பி-பி தேவை. ஆனால் அந்த நொதியின் வெட்டும் பகுதியில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றியபோது டிஎன்ஏ சேதம் நின்றது, எதிரியைக் கொல்லும் திறன் நிலைத்தது. நீண்ட காலம் தினமும் எடுப்பவர்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்குக் கொடுப்பவர்கள், தேவை என்ன என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: காலரா, ஷிகா நச்சுகளும் டிஎன்ஏ-வைத் தாக்குமா? டைஃபாய்டு?

பதில்: காலரா நச்சு செல்லின் சமிக்ஞைப் புரதம் ஒன்றை நிரந்தரமாகத் திறந்துவைத்து நீரை வெளியேற்றுகிறது. ஒருவகைச் சீதபேதிக் கிருமியின் ஷிகா நச்சு ரைபோசோமின் ஆர்என்ஏ-வில் ஒரே ஓர் அடினைனைக் கழற்றிப் புரதத் தயாரிப்பை நிறுத்துகிறது. இரண்டின் முதன்மை இலக்கும் டிஎன்ஏ அல்ல. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரியும் அப்படித்தான். 1994-லேயே முதல் வகுப்புப் புற்றுக்காரணியாக அறிவிக்கப்பட்டாலும், அது டிஎன்ஏ-வை வெட்டும் நச்சு எதையும் சுரப்பதில்லை. நீடித்த அழற்சியும், அதில் பிறக்கும் ஆக்சிஜன் வேதிகளும்தான் அங்கே பெரும்பங்கு வகிக்கின்றன.

டைஃபாய்டு விதிவிலக்கு. சால்மோனெல்லா டைஃபியிடம் சிடிடி-யின் அதே பி கத்தி இருக்கிறது, ஆனால் வேறு கைப்பிடியில். ஐந்து பிஎல்டி-பி புரதங்கள் வளையமாகச் சேர்ந்து செல்மேல் உள்ள சியாலிக் அமிலச் சர்க்கரையைப் பற்றும், நடுவில் பிஎல்டி-ஏ, அதன்மேல் கத்தி. பாக்டீரியா செல்லுக்குள் புகுந்த பின்னரே இதைத் தயாரிக்கும். சாதாரண வளர்ப்பு மீடியத்தில் தேடினால் கிடைக்காது. விலங்கு ஆய்வுகளை வைத்து இந்த நச்சே காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பப்பட்டது. ஆனால் 2019-இல் வெளியான, தன்னார்வலர்களுக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நச்சு நீக்கிய கிருமியும் ஏறத்தாழ அதே அளவுக்கு நோயை உண்டாக்கியது. விலங்கில் கண்டதை மனிதனுக்கு அப்படியே எடுத்துச்செல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு குறைவு.

கேள்வி: தொண்டை வலிக்கு அமாக்சிசிலின் எடுத்த நான்காம் நாள் ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு. சி. டிஃபிசில் (ஆன்டிபயாடிக்குக்குப் பின் பேதி உண்டாக்கும் பாக்டீரியா) சோதனையில் அது இல்லை என்று வந்தது. வேறு என்ன?

பதில்: உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கிளெப்சியெல்லா ஆக்சிடோகா பற்றிக் கேளுங்கள். அந்தப் பாக்டீரியா பென்சிலினை உடைக்கும் நொதியோடே பிறந்தது. மருந்து மற்றவற்றைத் துடைத்ததும் அது பெருகும். அது சுரக்கும் டிலிமைசின் டிஎன்ஏ-வின் குவானைனோடு இணைகிறது. அதே டிலிமைசின் இண்டோல் என்ற வேதிப்பொருளோடு சேர்ந்தால் டிலிவாலினாக மாறிச் செல்லின் நுண்குழாய்களை உறையவைக்கும். ஒரு பொருள், இரு ஆயுதம். புண் பெரும்பாலும் பெருங்குடலின் வலப்பக்கத்தில் இருக்கும். மருத்துவர் சொல்லி அந்த ஆன்டிபயாடிக்கை நிறுத்தினால் பொதுவாகச் சில நாளில் அடங்கும். இடையில் பேதி நிறுத்தும் மாத்திரையைத் தாமாக எடுக்க வேண்டாம். இபுபுரூஃபன் வகை வலிமாத்திரைகளும் வேண்டாம், அவை இதை மோசமாக்கும்.

கேள்வி: கோலிபாக்டினைத் தடுக்கும் மருந்து உண்டா?

பதில்: நோயாளிக்குக் கொடுக்கும் நிலையில் இல்லை. ஆய்வகத்தில் நம்பிக்கை தருவது, முன்பு சொன்ன கையெறி குண்டின் ஊசியைப் பிடுங்கும் சிஎல்பி-பி நொதியை முடக்கும் போரானிக் அமில மூலக்கூறுகள். அவை பாக்டீரியாவைக் கொல்வதில்லை, குண்டிலுள்ள ஊசியைக் கழற்றவிடாமல் செய்கின்றன.